ஆஸ்பத்திரிப் படகுக்கு எத்தனை டிகிரி?

நவம்பர் 18

அண்ணி,

நான் நலம். நீங்களும் அண்ணனும் நலமா இருப்பீங்க. போன்ல பேசேன்னு அண்ணன் சொன்னான். பேசினா மூணாவது பேச்சுலயே கத்த ஆரம்பிச்சிடுவோம். அன்னிக்கு உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில நடந்தது போதும். எழுதணும்னா தாள் தேடணும், பேனா தேடணும், அதுக்குள்ள கொஞ்சம் ஆறும். அதனாலதான் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வர்றேன். எங்க ஆஸ்பத்திரிப் படகுக்கு செப்டம்பர்ல டீசலைப் பீய்ச்சி அடிக்கிற உங்க கம்பெனியோட புது இன்ஜெக்டர் போட்டோம். நீங்க சோதிச்சு 'நல்லது'ன்னு கையெழுத்துப் போட்ட அதே இன்ஜெக்டர். குளிர் ஆரம்பிச்சதுல இருந்து காலையில எஞ்சின் பிடிக்கவே மாட்டேங்குது. ஸ்டார்ட்டர் சுத்துது, சுத்துது, புகைக்குழாய்ல வெள்ளை வெள்ளையா புகை வருது, எரியாத டீசல் நாத்தம் கண்ணைக் கரிக்குது. அவ்வளவுதான், பொசுக்குன்னு நின்னுடுது.

போன வியாழக்கிழமை கடைசித் தீவுல ஒருத்தருக்குக் குடல்வால் வெடிக்கிற நிலைமை. விடியறப்பவே கூப்பிட்டாங்க. எங்க கேப்டனுக்குப் பட்டப்பேரே 'அவசரம்'. மேல்தளத்துல நின்னு "என்னாச்சு, என்னாச்சு"ன்னு குதிக்கிறாரு. நான் கீழே எஞ்சினோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். நாங்க கிளம்புறதுக்குள்ள ஒரு மீன்பிடிப் படகு அவரைக் கரைக்குக் கொண்டு வந்து சேர்த்திடுச்சு. ஆள் பிழைச்சிட்டாரு. அதுல எங்க புண்ணியம் ஒண்ணும் இல்ல.

பேட்டரி நல்லா இருக்கு. ஃபில்டர் புதுசு. டீசலும் மெழுகு கட்டாத குளிர்காலச் சரக்குதான். இந்தப் படகோட எஞ்சினுக்கு நான்தான் பொறுப்பு, ஒவ்வொண்ணா கழட்டிப் பார்த்துட்டேன். மிச்சம் இருக்கிறது உங்க இன்ஜெக்டர்தான். பதில் சொல்லுங்க.

கோபம் ஆறாத,
உங்க நாத்தனார்


நவம்பர் 27

அன்புள்ள நாத்தனாருக்கு,

என் லேப் படங்களைப் பத்தி "சுவத்துல மாட்ட நல்லா இருக்கும், படகு ஓட்ட உதவாது"ன்னு பத்துப் பேர் முன்னாடி சொன்னே. நான் பாதிச் சாப்பாட்டுல எழுந்து போனேன். அதுல இருந்து உன் அண்ணன் மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் இடி வாங்கிக்கிட்டு இருக்கார். அதை அப்புறம் பேசிக்கலாம். ஒரு மனுஷன் உயிர் போயிருக்கும்னு எழுதியிருக்கே. அதனால வேலையைப் பேசுவோம்.

நான் என்ன சோதிக்கிறேன்னு நீ ஒரு நாளும் கேட்டதில்ல, இப்ப சொல்றேன். இன்ஜெக்டர் மூக்குல எட்டுத் துளை. ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு தலைமுடி கனம். அது வழியா டீசல் பயங்கர அழுத்தத்துல பீய்ச்சி அடிக்கும். கண்ணாடி வைச்ச பெட்டிக்குள்ள அடிக்க விட்டு, வேகமான கேமராவுல படம் எடுக்கிறேன். டீசல் எவ்வளவு பொடியா உடையுது, எவ்வளவு தூரம் போகுது, எவ்வளவு அகலமா விரியுதுன்னு பார்க்கிறதுதான் என் பிழைப்பு. பொடியா உடைஞ்சாத்தான் சீக்கிரம் ஆவியாகும். ஆவியானாத்தான் பத்தும்.

உன் இன்ஜெக்டர் எட்டுத் துளையிலயும் அழகா அடிச்சுது. நான் பொய்க் கையெழுத்துப் போடல. ஆனா எங்க லேப்ல டீசலை எப்பவும் நாற்பது டிகிரியில வைச்சுத்தான் சோதிப்போம். அதுதான் இங்க வழக்கம். உன் படகுல காலையில இன்ஜெக்டருக்குப் போற டீசல் எத்தனை டிகிரி? அளந்து பார்த்தியா?

அளந்துட்டு, அதே டேங்க்ல இருந்து ஒரு கேன் டீசலும் அனுப்பு. என்னைத் தப்புன்னு நிரூபிக்க இதை விட்டா நல்ல வழி உனக்குக் கிடைக்காது.

உன் அண்ணி


டிசம்பர் 6

அண்ணி,

அளந்தேன். பூஜ்யத்துக்கும் ரெண்டு டிகிரி கீழே. விரல்ல தொட்டா விளக்கெண்ணெய் மாதிரி கெட்டியா நிக்குது. கேனைச் சரக்கு லாரியில ஏத்திட்டேன். டிரைவர், "ஊர்ல டீசலே கிடைக்காதா, இங்க இருந்து அனுப்புறீங்க?"ன்னு கேட்டாரு. சண்டைக்குன்னு சொன்னேன். நம்பிட்டாரு.

இங்க நிலைமை மோசமாகுது. ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி வந்திருந்தாரு. வெயில்லயும் கோட்டைக் கழட்ட மாட்டாரு, அதனால எங்களுக்கு அவர் 'கோட்டுக்காரர்'. படகுத்துறையில நின்னுக்கிட்டே தீர்ப்பு சொல்லிட்டாரு. பிப்ரவரியில ஒரு சோதனை. ராத்திரி முழுக்கக் குளிர்ல கிடந்த படகு, கரையில இருந்து எந்த உதவியும் இல்லாம விடியறப்போ கிளம்பணும். நாலு தீவையும் சுத்தி, கடல் உள்வாங்கித் தண்ணி வத்தித் துறைமுக வாய் அடைபடுறதுக்கு முன்னாடி திரும்பணும். முடியலேன்னா படகை வித்துடுவாங்க. தீவுக்காரங்களுக்கு வாரம் ஒரு தடவை, செவ்வாய்க்கிழமை மட்டும், வாடகைப் படகுல டாக்டர் போவாராம்.

"அப்ப நெஞ்சுவலி வந்தா செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லலாமா சார்?"னு கேட்டேன். கோட்டுக்காரர் கோட்டுக் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டாரு. தீர்ப்பு மாறல.

நாலு தீவுலயும் சேர்த்து எவ்வளவோ கிழடு கட்டைங்க, பிள்ளைத்தாச்சிங்க. எல்லாருக்கும் இந்த எஞ்சின் சத்தம்தான் தைரியம். சீக்கிரம் பாருங்க அண்ணி.

நாத்தனார்


டிசம்பர் 22

நாத்தனாரே,

உட்கார்ந்து படி.

டீசலைக் குளிர வைச்சுச் சோதிக்கணும்னு எங்க டைரக்டர்கிட்ட கேட்டேன். "யாரும் கேக்காத கேள்விக்கு நீ ஏன்மா பதில் தேடுற?"ன்னாரு. என் நாத்தனார் கேக்குறான்னு சொல்ல முடியுமா? கீழ்மாடியில ரப்பர் சோதிக்கிறவங்க கிட்ட ஒரு குளிர்ப்பெட்டி சும்மா கிடந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கடன் வாங்கினேன். உன் டீசலை அதுக்குள்ள வைச்சு, குழாயையும், அதே ரகத்துல இங்க இருக்கிற இன்ஜெக்டரையும் சுத்தி ஐஸ் கட்டி, அடிக்க விட்டேன்.

திரையில வந்ததைப் பார்த்து நான் அப்படியே நின்னுட்டேன். நாற்பது டிகிரியில விசிறி மாதிரி விரியிற அதே ஸ்ப்ரே, குளிர்ல குச்சி குச்சியா நீட்டமாப் போகுது. துளிங்க பெருசு பெருசா, உடையவே மாட்டேங்குது. நேரா போய் எதிர்ச் சுவத்துல மோதி வழியுது. உன் எஞ்சினுக்குள்ள அது பிஸ்டன் தலையிலயும் சிலிண்டர் சுவத்துலயும் வழியும். ஆவியாகாது, பத்தாது. உன் வெள்ளைப் புகை அதுதான்.

படத்தை டைரக்டர் மேசையில வைச்சேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. அப்புறம், "இன்னொரு தடவை ஓட்டு. நானும் பார்க்கணும்"னாரு. மறுநாள் அவரும் சாப்பிடாம வந்து நின்னாரு!

நீ சொன்னது பாதி சரி. இந்த இன்ஜெக்டர் உன் காலைக் குளிருக்கு ஒத்து வரல. நான் சொன்னதும் பாதி சரி. இன்ஜெக்டர் கெட்டது இல்ல, அதுக்குப் போற டீசல் தடிச்சுப் போயிருக்கு. டீசலை அழுத்தித் தள்ளுற பெரிய பம்புக்குக் கொஞ்சம் முன்னாடி, குழாய்ல பேட்டரியில ஓடுற சின்ன ஹீட்டர் ஒண்ணு மாட்டு. ஸ்டார்ட்டரைத் தொடறதுக்கு முன்னாடி டீசலை அது வழியா சுத்த விட்டு வெதுவெதுப்பாக்கு.

ஹீட்டர் போட்டுட்டு எழுது. காத்துக்கிட்டு இருப்பேன்.

அண்ணி


ஜனவரி 5

அண்ணி,

முதல்ல நல்ல சேதி. ஹீட்டர் போட்டேன். மறுநாள் காலையில ஸ்டார்ட்டரைத் தொட்டதும் எஞ்சின் ஒரு செருமல் செருமிட்டுப் பிடிச்சுக்கிச்சு. கேப்டன் அவசரம் படிக்கட்டுல சறுக்கிக்கிட்டே இறங்கி வந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. வெள்ளைப் புகை சுத்தமா இல்ல.

இப்ப கெட்ட சேதி. சூடு நல்லதுன்னா இன்னும் சூடு இன்னும் நல்லதுதானேன்னு, எஞ்சின்ல சுத்துற வெந்நீரையும் டீசல் குழாய் பக்கமா திருப்பி விட்டேன். ஓடுற நேரம் பூரா டீசல் கொதிக்கக் கொதிக்கப் போச்சு. போறப்ப சுகம். திரும்புறப்ப எதிர் நீரோட்டம், எதிர்க்காத்து. முழு வேகம் கொடுத்தா எஞ்சின் இழுக்கவே இல்ல. நோயாளி மாதிரி மூச்சு வாங்குது, கறுப்புப் புகை தள்ளுது. படகு மணல்திட்டுப் பக்கமா ஒதுங்க ஆரம்பிச்சிடுச்சு. கேப்டன் மேலே இருந்து, "கீழே என்ன, தூங்குறீங்களா?"ன்னு கத்துறாரு. நங்கூரம் போட்டுத் தப்பிச்சோம்.

வெந்த புண்ணுல வேல் பாய்ச்சின மாதிரி, அன்னிக்குன்னு பார்த்துக் கோட்டுக்காரர் கரையில நிக்கிறாரு. காலையில கிளம்பாத படகை, மத்தியானம் திரும்பாத படகா மாத்தியாச்சு. இதுக்கும் உங்ககிட்ட படம் இருக்கா?

நாத்தனார்


ஜனவரி 13

மகராசி,

இருக்கு. படிச்சதும் சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்க. மணல்திட்டுன்னு வந்த இடத்துல சிரிப்பு நின்னு போச்சு. அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு உங்க வீட்டுல யாரும் சொல்லித் தரலையா? கொதிக்கக் கொதிக்க விடுன்னு நான் எங்க எழுதினேன்?

உன் கடிதம் வந்த அன்னிக்கே டீசலை எண்பது டிகிரி வரைக்கும் சூடாக்கி அடிச்சுப் பார்த்தேன். இந்தத் தடவை டைரக்டர்கிட்ட அனுமதி கேக்கல, அவரே வந்து பக்கத்துல நின்னுக்கிட்டாரு. ரொம்பச் சூட்டுல டீசல் தண்ணி மாதிரி இளகிடுது. துளைக்கு வெளியே வந்ததுமே பொடிப் பொடியா உடைஞ்சு, அங்கேயே புகை மாதிரி நின்னுடுது. தூரம் போக மாட்டேங்குது. சிலிண்டர்ல தள்ளி இருக்கிற காத்தை அது தொடறதே இல்ல. காத்து ஒரு பக்கம், டீசல் ஒரு பக்கம். கறுப்புப் புகை வராம என்ன செய்யும்?

இன்னொண்ணு. சூடான டீசல் உப்பிடும். இன்ஜெக்டர் அதே அளவுதான் விடுது, ஆனா அந்த அளவுக்குள்ள சரக்கு குறைச்சல். இளகின டீசல் பம்ப் இடுக்குல கசியவும் செய்யும். உனக்கு முழு பலம் வேணுங்கிற நேரத்துல எஞ்சினுக்கு அரை வயித்துச் சாப்பாடு போட்டிருக்கே.

வெந்நீர்க் குழாயைக் கழட்டு. காலையில மட்டும் ஹீட்டர். ஓடுறப்ப நாற்பதை ஒட்டி இருந்தா போதும். சரியாப் போகும்.

அண்ணி


ஜனவரி 21

அண்ணி,

சரியாப் போகல!

வெந்நீரைக் கழட்டினேன். போறப்ப நல்ல இழுப்பு. மூணாவது தீவு தாண்டினதும் மறுபடி சோர்வு. முன்ன மாதிரி மோசம் இல்ல, ஆனா எதிர்க்காத்து வந்தா தாங்காது. உங்களைத் திட்டி ஒரு கடிதம் பாதி எழுதிட்டேன். எழுதினதை நிறுத்திட்டு டேங்க் பக்கத்துல போய்க் குந்தினேன், கோபம் வந்தா நான் எஞ்சின் ரூம்லதான் உட்காருவேன். சும்மா டேங்க் மேல கை வைச்சேன். சுள்ளுன்னுது.

அண்ணி, உங்க லேப்ல அடிச்ச டீசல் அதோட போச்சு. படகுல அப்படி இல்ல. இன்ஜெக்டருக்குப் போறதுல பாதிக்கு மேல அடிக்காமத் திரும்பி டேங்குக்கே வருது, அதுவும் எஞ்சின் சூட்டைச் சுமந்துக்கிட்டு. டேங்க் நிறைய இருக்கிறப்ப அந்தச் சூடு தெரியாது. தீவு தீவா போகப் போக டீசல் குறையுது, குறையக் குறைய மிச்சம் கொதிக்குது. திரும்புற வழியில டேங்க்ல அரைவாசி கூட இருக்காது. வெப்பமானியை விட்டுப் பார்த்தேன், எழுபதைத் தாண்டிடுச்சு. நான் வெந்நீரே விடலேன்னாலும் அது தானா வெந்துக்குது!

காலையில குளிர் காய்ச்சல், மத்தியானம் சூட்டுக் கொப்புளம். ஒரே படகுக்கு ரெண்டு வியாதி, ஒரு வியாதியோட மருந்து இன்னொண்ணுக்கு விஷம்.

திரும்பி வர்ற குழாயைச் செம்புல சுருள் சுருளா வளைச்சு, கடல்தண்ணி ஓடுற பெட்டிக்குள்ள வைச்சிருக்கேன். நல்லா ஆறுது. ஆனா காலையில ஹீட்டர் ஏத்துற சூட்டையும் ஆத்திடுது. எப்ப ஆத்தணும், எப்ப ஆத்தக் கூடாதுன்னு அதுக்குச் சொல்ல ஒரு வால்வு வேணும். நான் கையால திருப்பிக்கிட்டு இருந்தா, வேற வேலை எதுவும் நடக்காது.

நாத்தனார்


பிப்ரவரி 2

அன்பு நாத்தனாருக்கு,

டேங்க்! எனக்கு இது தோணவே இல்ல. உன் கடிதத்தை லேப்ல சத்தமா வாசிச்சேன். டைரக்டர் எழுந்து போய், திரும்பி வர்ற டீசலைச் சேர்த்து வைக்க ஒரு தொட்டி செய்யச் சொல்லிட்டாரு. இனி எங்க சோதனையிலயும் டேங்க் உண்டு.

முப்பத்தஞ்சுல இருந்து நாற்பத்தஞ்சு வரைக்கும் ஸ்ப்ரே அருமையா இருக்கு, பலமும் குறையல. வால்வு செய்ய வைச்சிட்டேன். டீசல் குளிரா இருந்தா சுருளை விட்டுட்டு நேரா போகும், நாற்பதைத் தொட்டதும் தானா சுருள் பக்கம் திறந்துக்கும். மின்சாரம் வேண்டாம், உள்ளே இருக்கிற மெழுகு சூட்டுல உருகி உப்பி, அதுவே தள்ளும். வேற துணி கிடைக்கல, உன் அண்ணனோட புதுச் சட்டையில சுத்தி அனுப்பியிருக்கேன். அவருக்கு இன்னும் தெரியாது.

சோதனை அன்னிக்கு முப்பத்தஞ்சு தாண்டாம ஸ்டார்ட்டரைத் தொடாதே. உன் கை மேல எனக்கு நம்பிக்கை உண்டு. இதை முன்னாடியே எழுதியிருக்கணும்.

அண்ணி


பிப்ரவரி 16

அண்ணி, அண்ணி, அண்ணி!

ஜெயிச்சுட்டோம். முதல்ல இதை எழுதிட்டு அப்புறம் மூச்சு விடுறேன்.

நேத்துதான் சோதனை. இந்தக் குளிர்காலத்துலயே மோசமான காலை அது. கயிறெல்லாம் விறைச்சுக் கம்பி மாதிரி நிக்குது. கோட்டுக்காரர் ரெண்டு கோட்டு போட்டுக்கிட்டு வந்திருந்தாரு. எஞ்சின் ரூம் வாசல்ல நின்னு, "ஆரம்பிக்கலாமா?"ன்னாரு. ஹீட்டரைப் போட்டேன். டீசல் சூட்டைக் காட்டுற முள் மெல்ல மெல்ல ஏறுது. மேலே கேப்டன், "இன்னுமா? இன்னுமா?" நீங்க எழுதின அந்தக் குச்சி மாதிரி ஸ்ப்ரே, கொஞ்சம் கொஞ்சமா விசிறியா மாறுறதை மனசுலயே பார்த்துக்கிட்டு இருந்தேன். முப்பத்தஞ்சு தாண்டினதும் பொத்தானை அழுத்தினேன்.

ஒரே சுத்து. பிடிச்சுக்கிச்சு! துளி வெள்ளைப் புகை இல்ல. துறையில, முந்தின நாளே வந்திருந்த தீவுக்காரங்க ஒரு கூட்டமா நின்னுக்கிட்டு இருந்திருக்காங்க, அவங்க போட்ட சத்தம் எஞ்சினைத் தாண்டிக் கேட்டுது.

முதல் மூணு தீவும் சுலபமா முடிஞ்சுது. நாலாவது தீவுக்கு முன்னாடியே கேப்டன் என்னைக் கூப்பிட்டாரு. குரல்ல அவசரம் இல்ல, அதனாலயே பயந்தேன். "அங்க பள்ளிக்கூட டீச்சரம்மாவுக்கு நெஞ்சுவலி. துறைக்குத் தூக்கிட்டு வர்றாங்க. இது சோதனை இல்ல, நிஜம்"னாரு. கோட்டுக்காரர் அதுவரைக்கும் வாந்தி எடுத்துக்கிட்டு ஓரமா சுருண்டு கிடந்தாரு. அந்த மனுஷன் எழுந்து, கோட்டைக் கழட்டிப் போட்டுட்டு, ஸ்ட்ரெச்சரோட ஒரு முனையைப் பிடிச்சாரு. டீச்சரம்மா முகம் சாம்பல் நிறம். எங்க படகு நர்ஸ் என்னைப் பார்த்து, "எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்"னு மட்டும் சொன்னா.

திரும்புற வழியில காத்து நேர் எதிரே. அலை முகப்பைத் தாண்டி விழுது. துறைமுக வாய்ல தண்ணி வத்திக்கிட்டு வருது. கேப்டன் முழு வேகம் கேட்டாரு. டேங்க்ல மூணுல ஒரு பங்குதான் டீசல். போன மாசம் மூச்சு வாங்கின அதே இடம். நான் உங்க வால்வு மேல ஒரு கை, சுருள்ல இருந்து வர்ற குழாய் மேல ஒரு கை. வால்வு திறந்துக்கிச்சு, குழாய்ல கடல்தண்ணியோட குளிர்ச்சி கைக்குத் தெரிஞ்சுது. முள் நாற்பத்திரண்டுல நின்னுது. ஏறல! எஞ்சின் குரல் கடைசி வரைக்கும் மாறவே இல்ல அண்ணி. முழு பலத்துல, ஒரே சுருதியில இழுத்துச்சு. மணல்திட்டைத் தாண்டுறப்ப கேப்டன், "கீழே என்ன, சிங்கத்தையா கட்டி வைச்சிருக்கீங்க?"ன்னு கத்தினாரு. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு.

துறைமுக வாய்ல எங்க அடிப்பலகைக்குக் கீழே தண்ணி கொஞ்சம்தான் இருந்துச்சு. உள்ளே நுழைஞ்சிட்டோம். ஆம்புலன்ஸ் காத்திருந்துச்சு. இன்னிக்குக் காலையில டாக்டர் சொல்லி அனுப்பினாரு, டீச்சரம்மா பிழைச்சிட்டாங்க. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கை மீறிப் போயிருக்குமாம்.

கோட்டுக்காரர் கரையில இறங்கி, நனைஞ்ச சட்டையோட நின்னு, "இந்தப் படகை விக்கச் சொன்ன முட்டாள் யாரு?"ன்னு கேட்டாரு. அவரே சிரிச்சாரு. படகு இருக்கும். பக்கத்துத் துறைகள்ல இருக்கிற ரெண்டு படகுக்கும் இதே ஏற்பாட்டைச் செய்யச் சொல்லிட்டாரு.

அந்தப் படங்க ஒவ்வொண்ணுலயும் ஒரு பிரதி அனுப்புங்க. எஞ்சின் ரூம்ல ஒட்டப் போறேன், என் கூட வேலை பார்க்கிறவங்க பார்த்துப் புரிஞ்சுக்கட்டும்.

உங்க நாத்தனார்


பிப்ரவரி 25

என் தங்கமே,

உன் கடிதம் வந்தப்ப லேப்ல எல்லாரும் இருந்தாங்க. வாசிக்க ஆரம்பிச்சேன். 'ஒரே சுத்து'ன்னு வந்த இடத்தையே மூணு தடவை வாசிச்சேன். கேமரா பார்க்கிற பையன் வாங்கி மிச்சத்தை வாசிச்சான். டீச்சரம்மா பிழைச்சாங்கன்னு கேட்டதும் ரப்பர் பிரிவுக்காரங்க கூட மாடி ஏறி வந்து கை தட்டினாங்க, அவங்க குளிர்ப்பெட்டியாச்சே!

டைரக்டர் நேரா அவர் அறைக்குப் போனாரு. சாயங்காலம் ஒரு உத்தரவு வந்துச்சு. இனிமே எந்த இன்ஜெக்டரும் உறைகுளிர், நாற்பது, எண்பது மூணுலயும் அடிச்சுக் காட்டாம எங்க கதவைத் தாண்டக் கூடாது. அதுக்குன்னு தனியா ஒரு குளிர் அறை கட்டுறாங்க. பொறுப்பு எனக்கு. இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஒரு சோதனை அறை கேட்டும் கிடைக்காதது, உன் ஒரு கேன் டீசலுக்குக் கிடைச்சிருக்கு.

படங்களை அனுப்ப மாட்டேன். நானே எடுத்துக்கிட்டு வர்றேன். உன் அண்ணனும் வர்றார், வெள்ளிக்கிழமை ரயில். அந்த ரெண்டு படகு எஞ்சினையும் நாம சேர்ந்து பார்ப்போம். குழாய் வளைக்கிறதை எனக்குச் சொல்லிக் கொடு, ஸ்ப்ரே படம் படிக்கிறதை உனக்குச் சொல்லித் தர்றேன். சண்டை வந்தா வரட்டும், நேர்லயே போட்டுக்கலாம்.

இத்தனை வருஷமா எஞ்சினுக்குள்ள கண்ணாடி வழியாத்தான் எட்டிப் பார்த்திருக்கேன். கடல்ல, முழு பலத்துல, எதிர்க்காத்துல ஒரு எஞ்சின் ஓடுறதை ஒரு தடவை கூடக் கேட்டதில்ல. சனிக்கிழமை விடியக் காலையில உன் பக்கத்துல நிப்பேன். முள் முப்பத்தஞ்சைத் தாண்டினதும் பொத்தானை நான்தான் அழுத்துவேன், சொல்லிட்டேன்.

உன் அண்ணி